சாகுபடி செய்தவர் பெயர்

அந்த மிளகாய்த் தோட்டத்தில் நான் ஒரு களைகூடப் பிடுங்கியதில்லை. ஆனால் கொரோனா நிவாரணம் எழுத வந்தபோது, ‘சாகுபடி செய்தது நான்தான்’ என்று சொன்னவன் நான். பொய்! கலப்படமில்லாத பொய்!

இதைப் படித்ததும் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். எவனோ ஒரு ஏழையின் பணத்தைக் கிழவன் அமுக்கிவிட்டான் என்று... கொஞ்சம் பொறுங்கள். பணத்தை நான் அமுக்கவில்லை. வந்ததில் சரிபாதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அதற்காக ஊரில் எனக்கு நல்ல பெயர்கூட உண்டு. நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. அது என்னவென்று சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்லி முடிக்கும்போது எனக்கே விளங்குமா என்பது சந்தேகம்தான்.

எனக்கு வயது அறுபத்து நான்கு. உச்சிப்புளியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர். பாட்டன் காலத்திலிருந்து வந்த இரண்டு ஏக்கர். முழங்கால் தேய்ந்த பிறகு வரப்பில் இறங்குவது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. துபாயிலிருந்து மகன் அனுப்பியதில் வீடு ஓடியது. நிலத்தை வாரத்துக்கு விட்டேன். விதைக்கும் உரத்துக்கும் ஆளுக்குப் பாதி, பாடு முழுக்கச் செய்பவருடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. எழுத்து ஏதும் கிடையாது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான்.

செய்தவர் பெயர் யோகராசா. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர். பதினைந்து வயதில் அம்மாவோடு படகில் வந்து இறங்கியவருக்கு இப்போது பேரப்பிள்ளை எடுக்கும் வயது. காலை பஸ்ஸில் வருவார், மாலைக்குள் முகாமுக்குத் திரும்பிவிடுவார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், நேரில் ‘நீ’ என்றுதான் பேசுவேன். எழுதும்போது ‘அவர்’ என்று வருகிறது. குற்றவாளிக்குப் பணிவு அதிகம் போலிருக்கிறது!

அவருக்கு மிளகாய் தெரியும். அவருடைய அப்பா கிளிநொச்சிப் பக்கத்தில் மிளகாய் போட்டவர். எங்கள் முண்டு மிளகாயை முதல் தடவை கையில் எடுத்தபோது சிரித்துவிட்டார். “என்ன அண்ணை, உங்கட மிளகாய் குண்டுப் பிள்ளையாட்டம் இருக்கு” என்றார். இரண்டே வருடத்தில் அந்தக் குண்டுப் பிள்ளையை என்னைவிட நன்றாக வளர்த்தார்.

ஒருநாள் மத்தியானம், சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே ஒன்று சொன்னார். நான் அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டிருக்காவிட்டால் என் குற்றம் பாதியாகக் குறைந்திருக்கும்.

“அண்ணை, எங்க போனாலும் என்ட பேருக்குப் பக்கத்தில அகதி எண்டுதான் எழுதுறாங்கள். ரேஷன்ல, ஆஸ்பத்திரியில, பிள்ளையின்ட பள்ளிக்கூடத்தில... என்ட அப்பு விவசாயி. நானும் விவசாயிதானே? சாகிறதுக்கு முதல் ஒரு காகிதத்தில அப்பிடி எழுதிக் கண்டா போதும்.”

“எழுதுவாக தம்பி, எழுதுவாக” என்றேன். வாயில் வந்ததைச் சொல்வதில் நான் வள்ளல்.

பிறகு அந்த வருடம் வந்தது. இரண்டு பறிப்பு முடிந்து, மூன்றாவது பறிப்புக்குப் பழம் சிவந்து நின்ற நேரத்தில் ஊரடங்கு. முகாம் வாசலை அடைத்துவிட்டார்கள். பழம் எடுக்கும் பெண்கள் வர முடியவில்லை. கமிஷன் கடைகளுக்குப் பூட்டு. மகனுக்கும் துபாயில் வேலை நின்றது.

யோகராசா தினமும் போன் செய்தார். “அண்ணை, ஒருக்காப் போய்ப் பாருங்கோ. ஆடு மாடு உள்ள இறங்கிப் போடும்.”

“போயித்தான் வாரேன் தம்பி. செடி நல்லா நிக்கிது” என்பேன். போகவில்லை! வீட்டு வாசலைத் தாண்டவில்லை! முழங்காலைக் காரணம் சொல்வேன், போலீசைக் காரணம் சொல்வேன். உண்மையைச் சொன்னால், அது என் தோட்டம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அது அவருடைய தோட்டம். நான் ஏன் வெயிலில் நிற்க வேண்டும்? அப்படித்தான் நினைத்தேன். நன்றாகக் கவனியுங்கள்... இதே வாய்தான் சில வாரம் கழித்து வேறு பேசியது.

கோடை மழை ஒன்று கொட்டியது. செடியிலேயே காய்ந்து தொங்கிய பழமெல்லாம் அழுகிப்போனது.

ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்தியபோது, பாழான தோட்டங்களைப் பார்த்து நிவாரணம் எழுதுகிறார்கள் என்று சேதி வந்தது. ஒருநாள் காலையில் ஒரு பெண் அதிகாரி எங்கள் வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். என் மகளாக இருக்கக்கூடிய வயது. முகக்கவசம், கையில் போன், தோளில் ஒரு கட்டுப் படிவம். தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த வரப்பை மிதித்தேன்.

அவள் கேட்ட முதல் கேள்வியை இன்னும் அதே குரலில் என்னால் சொல்ல முடியும்.

“ஐயா, பட்டா உங்க பேர்ல இருக்கு. பயிர் பண்றது நீங்களா, இல்ல வாரத்துக்கு விட்டிருக்கீங்களா? விட்டிருந்தா தயங்காம சொல்லுங்க. நீங்க சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டா, அவங்க பேரையே எழுதிடலாம்.”

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ‘யார் வருகிறீர்கள்’ என்று கேட்கிறாள். நான் என்ன சொன்னேன்?

“நாந்தாம்மா.”

ஒரு சொல். அதைச் சொல்ல ஒரு மூச்சுக்கூடச் செலவாகவில்லை.

ஏன் சொன்னேன்? ஐயோ, அதுதானே தெரியவில்லை! எங்கள் அய்யா ஒன்று சொல்லுவார்: “வாரத்துக்கு விட்டா வாயோட விட்ரணும்லே. கிராமக் கணக்குல பேரு ஏறுச்சு, நெலம் போச்சு.” பெரியப்பா ஒருவர், தம் வயலைச் செய்தவன் பெயரை அடங்கலில் ஏற்ற விட்டுவிட்டு, கடைசிவரை கோர்ட்டுக்கு நடந்து செத்தார். யார் எந்த நிலத்தில் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம அதிகாரி எழுதும் கணக்குதான் அடங்கல். அதில் செய்பவன் பெயர் ஏறக் கூடாது என்பது எங்கள் வீட்டில் பாலோடு ஊட்டிய பயம். அந்தப் பயம்தான் பேசியது என்று வைத்துக்கொள்ளலாமா?

ஆனால் யோசியுங்கள்... எழுதப்போவது அடங்கலே அல்ல, நிவாரணப் படிவம். யோகராசா யார்? தன் பெயரில் கால் காணி வாங்கக்கூட வழியில்லாத மனிதர். மாலைக்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டியவர். அவரா என் நிலத்தைப் பிடித்துக்கொள்ளப்போகிறார்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அன்று அரளக்கூட இல்லையே! சாவகாசமாகத்தானே சொன்னேன்!

இல்லை, அவரைக் காப்பாற்றத்தான் சொன்னேனோ? வெளியே விவசாயம் செய்கிறார் என்று தெரிந்தால் முகாமில் ஏதாவது கேட்பார்களோ என்று... இந்த எண்ணம் அப்போதே வந்ததா, பிறகு நான் செய்து வைத்துக்கொண்டதா? எவ்வளவு தோண்டினாலும் அடி தெரியவில்லை. பணத்துக்காகவா? மகன் அனுப்பாத மாதங்கள் அவை. இருக்கலாம். ஆனால் பாதியைக் கொடுத்துவிட்டேனே!

கதை அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “வேட்டி இவ்ளோ வெள்ளையா இருக்கே, நெஜமா விவசாயிதானா?” என்று சிரித்தாள். பிறகு படிவத்தை விரித்து, விதைத்தது எப்போது, எத்தனை பறிப்பு எடுத்தீர்கள், நோய் ஏதாவது விழுந்ததா என்று வரிசையாகக் கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது!

“வீட்ல குறிச்சு வச்சிருக்கும்மா, கேட்டுச் சொல்றேன்” என்று, வேலிக் கருவை மர நிழலுக்கு ஒதுங்கி, போனை எடுத்தேன். யாருக்குப் போட்டேன் என்று சொல்லவும் வேண்டுமா?

“தம்பி, வெத என்னைக்குப் போட்ட?”

“ஏன் அண்ணை?”

“கவர்மெண்டுல இருந்து வந்திருக்காக. நெவாரணம் எழுதுறாக.”

அந்தப் பக்கம் அவர் மனைவியைக் கூப்பிடுவது கேட்டது. “தவம்! இஞ்ச ஓடி வா! எங்கட தோட்டத்தைப் பார்க்க ஆக்கள் வந்திருக்கினம்!”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஐப்பசியில் எந்தக் கிழமை விதைத்தது, முதல் பறிப்பு எப்போது, எத்தனை சாக்கு, எந்த உரம். ஏட்டைப் பார்த்து வாசிப்பதுபோல் சொன்னார். கடைசியில், “அண்ணை, கிழக்கு மூலையில ஆறு வரிசை இலை சுருண்டு முந்தியே செத்துப்போச்சு. அது ஊரடங்கால இல்லை. அதையும் சொல்லிப் போடுங்கோ, மறைக்கக் கூடாது” என்றார்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “என்ட பேரையும் எழுதுகினமோ அண்ணை?”

“எழுதுறாக தம்பி.”

திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கிழக்கு மூலை ஆறு வரிசையையும் சொன்னேன். அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “இவ்ளோ நேர்மையா யாரும் சொல்றதில்லங்கய்யா” என்றாள். கேட்டீர்களா? அவருடைய நேர்மையையும் என் பெயரிலேயே எழுதிக்கொண்டாள். நான் தலையைக் குனிந்து அடக்கமாக நின்றேன். வெட்கம்! அந்த அடக்கத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது!

அழுகிய செடிகளுக்கு நடுவே நிற்கவைத்துப் படம் எடுத்தாள். ‘சாகுபடி செய்தவர் பெயர்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

முகாம் வாசல் திறந்ததும் யோகராசா முதல் பஸ்ஸில் வந்தார். வரப்பில் நின்று பார்த்தார். ‘செடி நல்லா நிக்கிது’ என்று தினமும் என் வாயால் கேட்டவர், அது எத்தனை வாரத்துப் பொய் என்று ஒரே பார்வையில் கண்டிருப்பார். குந்தி உட்கார்ந்து, ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டு, “அண்ணை, காசு உங்கட பேரில வந்தாலும் பரவாயில்லை, என்ட பேர் இருக்கிற அந்தக் காகிதத்தை ஒரு பிரதி எடுத்துத் தருவியளோ?” என்று கேட்டார். வரட்டும் தம்பி, தாரேன் என்றேன்.

சில மாதம் கழித்து, நிவாரணப் பணம் ஏறியதாக வங்கியிலிருந்து போனில் செய்தி வந்தது. அன்றைக்கே பாதியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வீட்டில் என் மனைவி பாண்டியம்மாள், “பாதியக் கொண்டுபோயிக் குடுக்கப் போறீகளா? ஒங்க மனசு யாருக்கு வரும்!” என்றாள். அவளுக்கு இன்றுவரை மற்றது தெரியாது.

யோகராசா பணத்தை எண்ணவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் கையைப் பார்த்தார். இன்னொரு கையில் ஏதாவது இருக்கிறதா என்று.

“காகிதம் அண்ணை?”

அங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘பயந்துவிட்டேன் தம்பி, மன்னிச்சுக்க’ என்றால் முடிந்தது. அவர் மன்னித்திருப்பார், அந்த மனிதருக்கு வேறொன்றும் தெரியாது. நான் சொன்னது இது:

“ஒம் பேரு ஏத்த முடியாதுன்னுட்டாக தம்பி. கேம்ப் ஆளுகளுக்கு ரூல்ஸ் கெடையாதாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேன்னுட்டாக.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேனாம்! முதல் பொய்கூட வாய் தவறி விழுந்தது என்று சமாதானம் சொல்லலாம். இதை யார் சொல்லச் சொன்னார்கள்? எந்தப் பயம், எந்தப் பெரியப்பா?

அவர் சண்டை போடுவார், ஏன் எதற்கு என்று கேட்பார் என்று நினைத்து, வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. யோகராசா சிரித்தார்.

“ஓம். அது தெரிஞ்சதுதானே அண்ணை. நீங்கள் எனக்காகக் கதைச்சதே பெரிய விசயம்.”

அவ்வளவுதான். ஒரு நொடியில் நம்பிவிட்டார். அவருக்கு வாழ்க்கை முழுக்க எல்லோரும் சொன்னதைத்தான் நானும் சொன்னேன், நம்பாமல் என்ன செய்வார்? அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் நன்றி சொன்னார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்தி கட்டப் போய்விட்டார்.

இனித்தான் என் குழப்பம். இதில் நீங்களாவது எனக்கு உதவ முடியுமா என்று பாருங்கள்.

முகாமில் இருப்பவர் பெயரை அந்தப் படிவத்தில் எழுத முடியுமா, முடியாதா? எனக்குத் தெரியாது! அந்தப் பெண்ணிடம் நான் கேட்கவே இல்லையே! பிற்பாடு மனது குடைந்தபோது இராமநாதபுரத்தில் ஒரு பத்திரம் எழுதுபவரிடம், யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். “தாராளமா எழுதலாம், பயிர் பண்றவனுக்குத்தான நெவாரணம்” என்றார். நிம்மதி போயிற்று. வேறொருவரிடம் கேட்டேன், ஓய்வுபெற்ற வருவாய்த்துறைக்காரர். “ஆகவே ஆகாது” என்று அடித்துச் சொன்னார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆனால் விடிந்ததும் இன்னொரு கேள்வி எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஆகாது என்பதே சட்டம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நான் சொன்னது தற்செயலாக உண்மையாகிவிடுகிறது. உண்மையைச் சொன்னவன் எப்படிப் பொய்யன் ஆவான்? ஆனால் உண்மை என்று தெரியாமல், பொய்யாகத்தானே சொன்னேன்? கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் யார் தலையிலும் படவில்லை என்றால் எறிந்தவன் நல்லவனா? எனக்குத் தலை சுற்றுகிறது. உங்களுக்கு?

அந்தப் பெண் அதிகாரியின் எண் என் போனில் இருக்கிறது. அவள் மாற்றலாகிப் போய்விட்டாலும் கேட்டால் சொல்லுவாள். ஒரு போன், ஒரு கேள்வி, குழப்பம் தீர்ந்துவிடும். நான் கேட்கவில்லை. குழப்பத்தில் இருக்கும்வரை பாதிக் குற்றவாளிதானே... மிச்சப் பாதியை இழக்க எனக்கு மனமில்லை.

யோகராசா இன்றும் என் நிலத்தில்தான் மிளகாய் போடுகிறார். போன மாசி மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். முகாமுக்குள் பந்தல். மாப்பிள்ளை வேறொரு முகாமிலிருந்து. நானும் பாண்டியம்மாளும் போயிருந்தோம். வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய், முதல் பந்தியில், சம்பந்தி வீட்டாருக்கு நடுவே என்னை உட்கார வைத்தார்.

“இவர்தான் நான் சொன்ன அண்ணை” என்றார்.

எனக்கு எதிரே இருந்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. சாம்பார்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே பேச்சை எடுத்தார். “யோகராசா, கொரோனா நேரத்தில உங்கட பேரை எழுத ஏலாது எண்டவை எண்டு சொன்னியள். எங்கட முகாமில ஒருத்தர் கத்தரித் தோட்டம் செய்தவர். அவருக்கு அவரின்ட பேரிலதான் எழுதினவை. காகிதத்தை நான் என்ட கண்ணால கண்டனான்.”

நான் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டேன்.

யோகராசா பரிமாறிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்தார். “அது வேற மாதிரி இடமா இருக்கும்” என்றார். குரலில் கொஞ்சம் கோபம். தனக்காக அல்ல, எனக்காக! “இஞ்ச அண்ணை எவ்வளவோ சண்டை பிடிச்சுப் பார்த்தவர். எனக்காகக் கவர்மெண்டோட கதைச்ச மனுசன் இந்த உலகத்தில இவர் ஒருத்தர்தான்.”

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். “மெய்யே ஐயா? ஏலாது எண்டே சொன்னவை?”

பந்தியே என்னைப் பார்த்தது. பாண்டியம்மாள் பார்த்தாள். மணமகளுக்குப் பக்கத்தில் நின்ற அவள் அம்மா தவமலர் பார்த்தாள். சொல்லியிருக்கலாம்... தொண்டைவரை வந்தது, சத்தியமாக வந்தது. இது கல்யாண வீடு, இப்போது சொன்னால் விருந்து கெட்டுவிடும், சம்பந்திக்கு முன்னால் யோகராசாவுக்குத் தலைகுனிவு என்று உடனே ஒரு காரணமும் வந்தது. எனக்குக் காரணங்களுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை!

“ஆமாங்க” என்றேன். “அப்படித்தான் சொன்னாக.”

யோகராசாவின் முகம் மலர்ந்தது. பார்த்தீர்களா என்பதுபோல் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “அண்ணைக்குப் பாயாசம் ஊத்துங்கோ” என்றார்.

ஊற்றினார்கள். குடித்தேன். நன்றாகவே இருந்தது.